சென்னைக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? முதலில் பெயரைச் சரிபாருங்கள்

நவம்பரில் பதினாறு நாள் சென்னையில் இருந்தேன். டொராண்டோவில் 2020 முடக்கத்தின்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தொடங்கிய பழக்கம் பறவை பார்ப்பது. இந்த முறை மடிப்பாக்கம் வீட்டில் தங்கி, தினமும் விடியற்காலையில் ஓர் இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். அதில் பாதிகூட நடக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், அடுத்த வருடம் போகிறவர்களுக்காவது உதவும்.

கிளம்புவதற்கு முன்பே, பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் இந்தியாவுக்கான தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் செய்தது, இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். ஊரில் இறங்கி சிம் வாங்க பாஸ்போர்ட், விசா நகல், உள்ளூர் முகவரி என்று அலைவதற்குள் இரண்டு காலை போய்விடும், அந்த இரண்டு காலையும் செயலி உங்கள் கையில் இருக்கும். கேட்கிற ஒலியை அது ஒரு படமாக மாற்றி, அந்தப் படத்தின் வடிவத்தை வைத்துத்தான் பறவையை அடையாளம் காண்கிறது. அதனால் ஹாரன் சத்தம் மேலே விழுந்தால் பறவையின் வடிவம் அழிந்துவிடும். சாலைக்கு முதுகைக் காட்டி, போனின் மைக்கை மரத்தின் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். அது சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். வைரி என்ற வேட்டைப் பறவை கத்துகிறது என்று காட்டும், நிமிர்ந்து பார்த்தால் கரண்டுக் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்து வைரி மாதிரி கத்திக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்த பிறகே இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதியுங்கள். இன்னொன்று, செயலியில் உள்ள குரலைச் சத்தமாக ஒலிக்கவிட்டு பறவையை வரவழைக்காதீர்கள். வேறொரு பறவை தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது தவித்துப்போகும்.

டிரோன் எடுத்துப் போகாதீர்கள், 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் தொடர்புக் கருவியும் வேண்டாம். அனுமதியில்லாமல் கொண்டுபோய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பட்டியலில் பாதி நடக்காமல் போனதற்குக் காரணமான பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வருகிறேன்.

மடிப்பாக்கம் மனையை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கினார்கள். இருவரும் இல்லை, அம்மாவும் போய் மூன்று வருடமாகிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அங்கேயே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். நான் இறங்கிய அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்தே கேட்டார், "தம்பி, பில்டர் ரெடியா இருக்கார். நீ வந்தப்பவே கையெழுத்தைப் போட்டுட்டா நல்லது. ஒரு நாள் வேலைதான்."

அந்த ஒரு நாள் வேலை ஒன்பது நாள் இழுத்தது. பத்திரத்தில் அப்பா பெயர் ஒரே ஓர் இனிஷியலோடு இருக்கிறது. வாரிசு சான்றிதழில் என் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து எனக்குக் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. மூன்று தாளிலும் இருப்பது அதே அப்பா, அதே மகன்தான் என்று நிரூபிக்க வேண்டும். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வந்தேன், அதில் பழைய முகவரி இல்லை என்றார்கள். அதைத் திருத்திக்கொண்டு போனால் அன்றைக்கு சர்வர் இல்லை. அடுத்த நாள் டோக்கன் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் டோக்கன் இருந்தது, அண்ணி பக்கத்து சாட்சி வரவில்லை. ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும், ஜெராக்ஸ் கடையில் நிற்க வேண்டும், பத்திர எழுத்தர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பழவேற்காட்டுக்குப் பேசி வைத்திருந்த கார் இரண்டு முறை ரத்தானது. நாற்பது வருடம் என் பெயராக இருந்த பெயரை, நான் பிறந்த ஊரிலேயே ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "இது நீங்கதானா?" என்று கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஆகவே, சொத்து விஷயம் ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே எல்லாத் தாளிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழை வெளிநாட்டிலிருந்தே இணையத்தில் எடுக்கலாம். நீங்கள் போகாமலே முடிக்க வேண்டுமென்றால் அதிகாரப் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், மறந்தால் சிக்கல்தான். எந்த உறவுக்காரர் "ஒரு நாள் வேலை" என்று சொன்னாலும், அதைப் பயணத்தின் முதல் வாரத்தில் வைக்காதீர்கள்.

அந்த அலுவலக வளாகத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் வந்ததும் அதன் உச்சியிலிருந்து டொங்க் டொங்க் என்று விடாமல் ஒரு சத்தம். போனை எடுத்து நீட்டினேன். செம்மார்புக் குக்குறுவான். தொலைநோக்கியை வைத்துத் தேடி ஐந்து நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தேன். பட்டுப்போன கிளை நுனியில் உள்ளங்கை அளவு பச்சை உடம்பு, நெற்றியில் சிவப்பு, ஒவ்வொரு டொங்குக்கும் தொண்டை உப்பி, தலை வேறு வேறு பக்கம் திரும்புகிறது. அதனால்தான் சத்தம் இடம் மாறி மாறிக் கேட்கிறது. உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்து ரெக்கார்ட் பண்ணாதீங்க என்று அதட்டினார். பக்கத்திலிருந்த வயதான பத்திர எழுத்தர்தான் சமாதானம் சொன்னார், "சார் குருவி பாக்கறாரு, விடுப்பா." அப்புறம் என்னிடம், "இது முப்பது வருஷமா இங்க தட்டிக்கிட்டு இருக்கு சார்" என்றார். அரசு வளாகம், ராணுவ இடம், விமான நிலையம் பக்கமெல்லாம் போனையும் தொலைநோக்கியையும் பைக்குள் வையுங்கள். எனக்கு அன்று நல்ல மனிதர் ஒருவர் இருந்தார்.

கிடைத்த காலைகளில் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கரணைக்கு எத்தனை முறை போனாலும் போதாது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம், துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை அதன் ஊடாகத்தான் போகிறது. ஆறரை மணிக்குச் சாலையோரம் நின்றால் நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா எல்லாம் கண்ணெதிரே நிற்கும். பின்னால் குப்பைமேடு புகைந்துகொண்டிருக்கும். ஒரு காலத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்கிறார்கள். எங்கள் மடிப்பாக்கம் மனையும் அந்தத் தண்ணீர் வந்து சேர்கிற பாதையில்தான் இருக்கிறது என்று அங்கே நின்றபோது உறைத்தது. வேடந்தாங்கல் எண்பது கிலோமீட்டர் போல, நல்ல மழை பெய்த வருடத்தில் டிசம்பர், ஜனவரியில் போங்கள், ஏரி நிரம்பாவிட்டால் பறவை வராது. கிண்டி பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. பொங்கல் நாட்களில் ஊரில் இருந்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், கால் மணி நேரம் மொட்டை மாடியில் நின்று எண்ணினாலே போதும்.

கடைசியாக எங்கள் கொல்லை. வேம்பு, முருங்கை, கிணற்றடியில் உதிர்ந்த சருகு. ஊருக்கு வந்தும் முதல் வாரம் முழுக்க, கோபத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. பதிவு முடிந்த மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். சருகுக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் ஒரு விசில். செயலி பிட்டா என்றது. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு இறங்கி வருகிற தோட்டக்கள்ளன். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கட்டை வால், சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடியது. அம்மா திருநெல்வேலிப் பக்கம். "ஆறுமணிக் குருவி கூப்பிட்டாச்சு, எழுந்திரு" என்று ஸ்கூல் நாட்களில் எழுப்புவாள். அவள் ஏதோ சும்மா சொல்கிறாள் என்றுதான் அவ்வளவு காலம் நினைத்திருந்தேன். டொராண்டோவில் கார்டினல் பறவையின் குரலை ஒரு நொடியில் சொல்லத் தெரிந்த எனக்கு, அம்மா தினமும் பெயர் சொல்லிக் காட்டிய குருவியை ஒரு போன் காட்ட வேண்டியிருந்தது. பதினோரு நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பூர்வீக வீட்டை விற்கவோ இடிக்கவோ கையெழுத்துப் போடுகிறவர்கள், அதற்கு முன் ஒரு விடியற்காலையாவது அந்தக் கொல்லையின் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

தை பிறந்ததும் மரத்தை வெட்டுகிறார்கள். அண்ணன் மகனுக்குப் பத்து வயது, கிளம்பும்போது அவன் டேப்லெட்டில் மெர்லின் போட்டுக் கொடுத்தேன். அங்கே காலை ஆறு என்றால் எனக்கு முந்தைய நாள் இரவு ஏழரை. சாப்பிட உட்காரும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வருகிறது. "சித்தப்பா, இன்னிக்கும் கூப்பிட்டுச்சு."