செஞ்சி ராஜகிரி ஏறப் போகிறீர்களா?

காலை எட்டு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருங்கள். செஞ்சிக் கோட்டையில் இதைவிட முக்கியமான குறிப்பு கிடையாது. கோட்டையின் குன்றுகளில் ஒன்றான ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். வெயில் ஏறிவிட்டால் பாறையும் படியும் அப்படியே கொதிக்கும். மேலே தண்ணீர் விற்க ஆள் இல்லை, எனவே ஆளுக்கு 2 லிட்டர் கையோடு கொண்டுபோங்கள். குரங்குகள் ஏராளம், தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக் கையில் தொங்கவிட வேண்டாம், முதுகுப்பையில் மூடி வையுங்கள்.

பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். அங்கே கொஞ்சம் உட்காருங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு ஆழமான பிளவு, அதன்மேல் சின்னப் பாலம். முகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல்தான் இந்தக் கோட்டையைப் பிடித்தது. ஏன் அவ்வளவு காலம் என்பது இந்த இடத்தில் நின்றால் தானாகப் புரியும்! உச்சியிலிருந்து கோட்டையின் மற்ற இரு குன்றுகளான கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும், அவற்றை இணைக்கும் மதில்களும், சுற்றிலும் வயலும் ஏரியும் தெரியும். எனக்கு மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரிதான் பிடிக்கும், அத்தனை பச்சை.

அப்புறம், கல்யாண மகால் என்ற பழைய கட்டடத்தையும் தானியக் களஞ்சியத்தையும் இறங்கி வந்தபின் பாருங்கள். அவை அடிவாரத்திலேயே இருக்கின்றன.