மைனிங் மெஷின் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சோமனூர், பல்லடம், ஈரோடு பக்கம் தறி ஓடாமல் பூட்டிக் கிடக்கும் குடோன்கள் நிறைய. இடம் இருக்கிறது, த்ரீ ஃபேஸ் லைன் இருக்கிறது, ரெண்டு பிட்காயின் மைனிங் மெஷின் வாங்கிப் போடலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தின் பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யக் கணக்குப் போட்டு, பரிசாகப் புதுப் பிட்காயின் வாங்குவதுதான் மைனிங். காசு கொடுக்கும் முன் ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தக் காயினுக்கான மெஷின்?

இந்த மெஷின்களை ஏசிக் என்பார்கள். ஒரே ஒரு வகைக் கணக்கை மட்டும் போடத் தெரிந்த சிப்கள். பிட்காயினின் ஷா-256 என்ற கணக்கு முறைக்கான மெஷினில் லைட்காயின் என்ற இன்னொரு காயினை எடுக்க முடியாது. காயின் போனால் மெஷினுக்கு வேறு உபயோகமும் கிடையாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற காயின் மைனிங் முறையையே கைவிட்டது. அதற்கென்று வாங்கியவர்கள் திண்டாடினார்கள். முதல்முறை வாங்குபவர்கள் பிட்காயினோடு நின்றுகொள்வது நல்லது.

படி 2: ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கும்?

விற்பவர் "200 டெராஹேஷ்" என்று வேகத்தைத்தான் முதலில் சொல்வார். ஒரு டெராஹேஷ் என்றால் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சி. போர் மோட்டார் வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்த்து நாம் வாங்குவதில்லையே, இதுவும் அப்படித்தான். வாட்டை டெராஹேஷால் வகுத்துப் பாருங்கள். 2016-ல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 சுமார் 13.5 டெராஹேஷ், 1320 வாட்; வகுத்தால் 98. 2020-ன் எஸ்19 ப்ரோ 110 டெராஹேஷ், 3250 வாட், 29.5. 2023-ல் அறிவித்த எஸ்21, 200 டெராஹேஷ், 3500 வாட், 17.5. இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இனி வருமானம். 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகக் குறைக்கப்பட்ட பிறகு ஒரு பிளாக்குக்கு, அதாவது ஒரு தொகுதிப் பரிவர்த்தனைக்கு, 3.125 பிட்காயின். நாளொன்றுக்குச் சுமார் 144 பிளாக், அதாவது 450 பிட்காயின். உலகம் முழுக்க ஓடும் மெஷின்கள் இதைத் தங்கள் வேகத்துக்கு ஏற்பப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மொத்த வேகம் 1000 எக்ஸாஹேஷ், அதாவது 100 கோடி டெராஹேஷ், பிட்காயின் விலை 80 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு டெராஹேஷுக்கு நாளைக்கு 3.60 ரூபாய் வரும்.

எஸ்21-க்கு 720 ரூபாய். அது தின்னும் கரண்ட் நாளைக்கு 84 யூனிட். வகுத்தால் யூனிட்டுக்கு 8.57 ரூபாய். இதே கணக்கில் எஸ்19 ப்ரோவுக்கு 5.08, எஸ்9-க்கு 1.53 தான். உங்கள் கரண்ட் இந்த விலைக்கு மேல் போனால், மெஷினைச் சும்மா கொடுத்தாலும் நட்டம். நீங்கள் போடும் அன்றைய விலையையும் மொத்த வேகத்தையும் வைத்துத் திரும்பப் போடுங்கள். 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட இரண்டு வாரத்தில், மைனிங் சிரமம், அதாவது கணக்கு எவ்வளவு கடினம் என்பது, மாறும். புது மெஷின்கள் சேரச் சேர உங்கள் பங்கு சுருங்கும். அதனால் பாதி வருமானத்தில் தாக்குப்பிடிக்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: ஈபி பில்

இங்கேதான் நம் ஊரில் பெரும்பாலான கணக்குகள் உடைகின்றன. எஸ்21 ஒன்று இரண்டு மாதத்துக்கு 5040 யூனிட் இழுக்கும். 2024 ஜூலைக் கட்டணப்படி வீட்டு இணைப்பில் 1000 யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட் 11.80 ரூபாய். வணிக இணைப்பிலும் பத்து ரூபாயைத் தாண்டுகிறது, நிலைக்கட்டணம் தனி. மேலே பார்த்த 8.57-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தோட்டத்து இலவசக் கரண்ட் பாசனத்துக்கு, தறிக்கான சலுகைக் கரண்ட் தறிக்கு. அதில் மைனர் ஓட்டினால் வழக்கில்தான் முடியும், தயவுசெய்து வேண்டாம். சோலார் போடலாமே என்றால், ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நான்கு யூனிட் போலத் தரும். ஒரு எஸ்21-க்கே 21 கிலோவாட் வேண்டும். ராத்திரிக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

படி 4: வரி

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ். மைனிங் மெஷின் விலையை அந்த வருமானத்தில் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றில் சரிக்கட்டவும் முடியாது. கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

படி 5: இடம்

3500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியர், நிற்காமல் இழுக்கும். சாதா பவர் பிளக்கில் செருகினால் சாக்கெட் உருகலாம். தனி ஒயர், தனி எம்சிபி வேண்டும். சத்தம் 75 டெசிபல் இருக்கும். தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊருக்கு அது பெரிதில்லை. வெயில்தான் பிரச்சினை. சித்திரையில் ஈரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே மெஷின் தானாக வேகத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும்.

படி 6: பழைய மெஷின் என்றால்

ஃபேனைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி பக்கத்தில் ஓடிய மெஷினில் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு அப்பியிருக்கும். அது சூட்டில் வெந்த மெஷின். பிறகு ஓடவிட்டு, பிரவுசரில் அதன் ஐபி முகவரியைத் திறந்து, சிப்கள் பொருத்திய மூன்று ஹேஷ்போர்டும் தெரிகிறதா, சிப் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். சாதா எஸ்19-ல் போர்டுக்கு 76 சிப் இருக்க வேண்டும். கடைசியாக, பூல் (பலர் மெஷின்களைச் சேர்த்து ஓட்டி வருமானத்தைப் பங்கு போடும் குழு) கணக்கில் 24 மணி நேரச் சராசரி வேகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மெஷின் திரையில் தெரியும் வேகத்தை நம்ப வேண்டாம், காசு வருவது பூல் கணக்கில் உள்ள வேகத்துக்குத்தான்.

"மெஷினை எங்களிடமே விட்டுவிடுங்கள், மாதாமாதம் இவ்வளவு நிச்சயம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2012-ல் மோசடி வெளியான பெருந்துறை ஈமு கோழித் திட்டத்தில் பணம் கட்டியவர்களிடமும் இதைத்தான் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் வருமானத்துக்கு யாராலும் மாத உத்தரவாதம் தர முடியாது.