கருவேலமா, சீமைக்கருவேலமா? மரச் செயலிகளை நம்பும்போது நடக்கும் தவறுகள்

கோடையில் கண்மாய் வற்றியதும் சீமைக்கருவேலம் எடுக்கும் வேலை தொடங்கிவிடும். இப்போதெல்லாம் ஊர் இளைஞர்கள் கைபேசியை நீட்டிப் படம் பிடித்து, செயலி சொல்லும் பெயரை வைத்து எதை வெட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிறார்கள். எதையும் பார்க்காமல் ஜேசிபியை இறக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் படம் சரியில்லை என்றால் பெயரும் சரியாக வராது. அதே கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போய்விடும். ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் கூடு கட்ட இடம் கொடுப்பது அந்த நாட்டுக் கருவேலம். வெட்டிய பிறகு 'ஆப்ல அப்படித்தான் காட்டுச்சு' என்று சொல்லி என்ன பயன்?

அதிகம் நடக்கும் தவறு, கரையில் நின்றபடி முழு மரத்தையும் ஒரே படமாக எடுத்துப் போடுவது. சீமைக்கருவேலம், கருவேலம், வெள்வேல், வன்னி, சுபாபுல் எல்லாவற்றுக்குமே பொடிப்பொடி இலைதான். இருபதடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரு பச்சைப் புகை. செயலியோ 'தெரியவில்லை' என்று சொல்ல ரொம்ப யோசிக்கும். ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிடும். நம் பக்கத்தில் சீமைக்கருவேலத்தின் படங்கள் குவிந்து கிடப்பதால் அந்தப் பெயரே முதலில் வரவும் வாய்ப்பு உண்டு.

கிட்டப் போங்கள். பூ, காய், முள், பட்டை, இலையின் அடி என்று தனித்தனியாக எடுங்கள். பிளான்ட்நெட் செயலியில் ஒரே மரத்துக்குப் பல படங்கள் சேர்த்து, இது பூ, இது பட்டை என்று குறிக்கவும் வசதி இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை.

எதைப் பார்ப்பது என்பதுதான் விஷயம். கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை மாதிரி தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். காய் இடுங்காமல் நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும். இந்த இரண்டையும் முள்ளை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். இரண்டிலுமே இலைக்காம்பின் அடியில் ஜோடி முள் வரும். வன்னியை எடுத்துக்கொண்டால் கதை தலைகீழ். வன்னிக்கும் பூ கதிராகத்தான் வரும் என்பதால் பூவை மட்டும் பார்த்தால் சீமைக்கருவேலம் என்றே தோன்றும். அங்கே முள்தான் கைகொடுக்கும். வன்னியில் குட்டையான கூம்பு முட்கள், கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டில் சிதறி இருக்கும். சீமைக்கருவேலத்தின் முள் கணுவில் இருக்கும், நீளமும் அதிகம். விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னியை யாரும் வெட்டப்போவதில்லை. தரிசில் தனியாக நிற்கும் வன்னிக்குத்தான் ஆபத்து.

இன்னொரு தவறு, ஒரு சிற்றிலையைக் கிள்ளி வைத்துக்கொண்டு அதையே 'இலை' என்று படமெடுப்பது. வேம்பில் நாம் கிள்ளுவது இலையின் ஒரு துண்டு மட்டும். முழு இலை என்பது ஒரு காம்பும் அதன் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் சிற்றிலைகளும் சேர்ந்தது. மலைவேம்பில் அந்தக் காம்பே மறுபடி கிளைத்து, கிளையில் சிற்றிலைகள் இருக்கும். முழு இலையைப் பார்த்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும். துண்டை மட்டும் காட்டினால் செயலியும் திணறும். கன்றுகளில் இன்னும் வம்பு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள வாட்டில் என்ற ஆஸ்திரேலிய மரத்தின் மெலனாக்சிலான் வகைக் கன்றில் இறகு போன்ற இலை இருக்கும். வளர்ந்த பிறகு அரிவாள் வடிவத்தில், சிற்றிலையாகப் பிரியாத ஒற்றை இலை மாதிரி ஒன்று வரும். ஒரே மரத்தில் இரண்டும் இருப்பதும் உண்டு. மேல்கிளையையும் அடித்தளிரையும் தனித்தனியாகப் படம் பிடித்தால் இரண்டு வேறு மரங்களின் பெயர் வந்தாலும் ஆச்சரியமில்லை.

செயலி காட்டும் சதவீதத்தைப் பரீட்சை மதிப்பெண் மாதிரி வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். '70 வந்துருச்சு, பாஸ்.' அந்த எண், தன்னிடம் உள்ள படங்களில் எதனுடன் உங்கள் படம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்கிற கணக்கு, அவ்வளவுதான். அந்த மரமே அதன் சேமிப்பில் இல்லை என்றால், இருப்பதில் கிட்ட வருவதைத் தூக்கிக் கொடுக்கும். இரண்டாவது, மூன்றாவது பெயர்களையும் திறந்து பாருங்கள். மூன்றுமே வேல மர வகைகளாக இருந்தால், 'ஏதோ ஒரு வேலமரம்' என்பது வரைதான் செயலிக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஐநேச்சுரலிஸ்ட் செயலி சில நேரம் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய மர வகைகளுக்கான பொதுப் பெயரோடு, நிறுத்திக்கொள்ளும். அதைக் குறையாக எடுக்க வேண்டாம், நேர்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத் தகவலில் நடக்கும் தவறு சின்னது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஜிபிஎஸ் விவரம் இருக்காது. கொடைக்கானலில் எடுத்த படத்தை மதுரை வீட்டில் உட்கார்ந்து ஏற்றி, இடத்தைத் திருத்தாமல் விட்டால் செயலி மதுரைச் சுற்றுவட்டாரத்து மரங்களைத்தான் அள்ளிக் கொடுக்கும். சந்தன மரம் என்று தெரிந்தால் மட்டும் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பெயர் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல் நடக்கும் தவறுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது. பெயரை எடுத்துக் கூகுளில் போட்டு, 'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது. நம் நாட்டுக் கருவேலத்தைத் தேடினால் 'மிக மோசமான ஆக்கிரமிப்பு மரம்' என்று பக்கம் பக்கமாக வரும். பொய்யில்லை, ஆனால் அது ஆஸ்திரேலியாவின் கதை. குயின்ஸ்லாந்துப் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்டின் முதல்வரிசைக் களைப் பட்டியலில் இருக்கிறது கருவேலம். நம் வேம்புக்கும் ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் களை என்றுதான் பேர். அங்கிருந்து இங்கே வந்த வாட்டில் நீலகிரியின் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆக, எந்த ஊரில் நிற்கிறது என்று கேட்காமல் ஒரு மரத்தை நல்லது கெட்டது என்று பிரிக்க முடியாது. செயலியில் தெரியும் 'அயல் இனம்' என்ற குறியும் எந்த நாட்டு, எந்த மாநிலப் பட்டியலிலிருந்து வந்தது என்று பாருங்கள்.

அதே மாதிரி, வெளியிலிருந்து வந்ததெல்லாம் ஆக்கிரமிப்பு ஆகிவிடாது. புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கொடுக்காப்புளி மெக்சிகோ பக்கம், குல்மோகர் மடகாஸ்கர். சாலையோரப் புளியமரத்தை யாராவது ஆக்கிரமிப்பு என்று வெட்ட வந்தால் ஊரே திரண்டு வரும், வரவும் வேண்டும். தானாகப் பரவி மற்றவற்றை எழவிடாமல் செய்கிறதா என்பதே கேள்வி. தமிழ்நாடு அரசு 2022-ல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. உன்னிச்செடி, சீமைக்கருவேலம், வாட்டில், சென்னா ஸ்பெக்டாபிலிஸ் ஆகியவைதான் அதன் முக்கியக் கவலை. யாரோ எழுதிய வெளிநாட்டுப் பட்டியலைவிட நமக்கு இது பொருந்தும்.

அந்தச் சென்னாவிலும் ஒரு பொறி இருக்கிறது. முதுமலைக் காட்டை மஞ்சளாக்கும் அந்த மரமும் நம் சரக்கொன்றையும் பூத்த நேரத்தில் செயலிக்கு ஒரே மஞ்சள்தான். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழே தொங்கும், சிற்றிலைகள் பெரிதாக, சில ஜோடிகள் மட்டும் இருக்கும். சென்னாவின் கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். சிற்றிலைகள் குறுகலாக, பத்துப் பன்னிரண்டு ஜோடிக்கு மேலும் போகும். பூவை மட்டும் நெருக்கமாக எடுத்தால் இது எதுவுமே படத்தில் விழாது. கொத்து தொங்குகிறதா நிமிர்கிறதா என்று தெரிகிற மாதிரி ஒரு படம் கட்டாயம் வேண்டும்.

பெயர் மாற்றத்தையும் கவனியுங்கள். சீமைக்கருவேலத்தை இத்தனை காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்றார்கள். 2022-ல் தாவரவியலாளர்கள் அதை நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். வன்னி புரோசோபிஸாகவே நீடிக்கிறது. ஒரு செயலி புதுப் பெயரையும் இன்னொன்று பழையதையும் காட்டினால் இரண்டு மரம் என்று எண்ண வேண்டாம். 'புரோசோபிஸ் என்றால் வெட்டு' என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் கையில் அகப்படப்போவது இப்போது வன்னிதான்.

ஐநேச்சுரலிஸ்டில் இருவர் ஒத்துக்கொண்டாலே பதிவு 'ஆய்வுத் தரம்' பெற்றுவிடலாம். அந்த இரண்டாவது ஆள், பக்கத்தில் நின்ற நண்பராக இருந்து, பார்க்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தத் தரத்துக்கு மதிப்பில்லை. சந்தேகம் வந்தால் ஊரில் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள்; எந்த நெற்று எந்த மரத்தில் விழும் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் பூவும் காயும் உள்ள ஒரு கிளையோடு பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்கோ, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ போகலாம்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். கண்மாய் வேலை நடப்பது வறட்சியில். கருவேலம் நன்றாகப் பூப்பது மழைக்காலத்தில். வேலைக்கு முந்தைய நாள் போய்ப் படமெடுத்தால் முள்ளும் வாடிய இலையும்தான் கிடைக்கும். அதனால் பூ இருக்கும்போதே ஒரு சுற்றுப் போய் எல்லா மரங்களையும் பதிவு செய்யுங்கள். வெட்ட அனுமதி கேட்கும்போது அந்தப் பட்டியலையும் சேர்த்தே கொடுங்கள். விட வேண்டிய மரங்களின் அடியில் பளிச்சென்று சுண்ணாம்புப் பட்டை அடித்து வைத்துவிட்டால், ஜேசிபி ஓட்டுநர் கைபேசியை எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.