பழைய வெற்றுக் கேசட்டுகளின் ஒலித்தரத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வெற்றுக் கேசட்டுகளில் ஒரே பாட்டைப் பதிந்து, அடுத்தடுத்துக் கேட்டு, உடனே ஒன்றைச் சிறந்தது என்று முடிவுகட்டுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. அவ்வாறு கேட்கும்போது நாம் எடைபோடுவது டேப்பை மட்டுமன்று. அந்த டேப்பும் பதிவு செய்த டெக்கும் (கேசட் பதிவுக் கருவி) எவ்வளவு பொருந்திப் போகின்றன என்பதையும் சேர்த்துத்தான்.

இந்தப் பொருத்தத்தில் பெரும்பங்கு பயாஸுக்கு உரியது. பதிவின்போது ஒலியுடன் கலந்து செலுத்தப்படும், காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டமே பயாஸ். டேப்புக்குத் தேவையானதைவிட அது குறைந்தால் ட்ரெபிள், அதாவது உயர் அதிர்வெண் ஒலி, தூக்கலாகி, ஒலியில் பிசிறு கூடும். மிகுந்தால் ட்ரெபிள் மங்கிவிடும். ஆகவே, ஒரு டேப்புக்கெனச் சரிசெய்யப்பட்ட டெக்கில், தரத்தில் சற்றும் குறையாத வேறொரு டேப் மந்தமாகவோ கூர்மையாகவோ ஒலிக்கக்கூடும். பயாஸ் குமிழ் உள்ள டெக்கில் 400 ஹெர்ட்ஸ், 10,000 ஹெர்ட்ஸ் ஒலிகளை ஒரே அளவில் பதிந்து, திரும்ப ஒலிக்கும்போதும் இரண்டும் சமமாக வரும்வரை ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனியே அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைப் பதிவு அளவைக் காட்டும் மீட்டரின் 0 அளவில் செய்யக் கூடாது. அங்கே உயர் அதிர்வெண்களில் டேப் அதற்கு மேல் ஏற்க முடியாமல் நிறைந்துபோவதால் கணக்கு பொய்த்துவிடும். −20 டெசிபல் அளவே ஏற்றது. இந்த ஒரு வேலையைச் செய்யாத ஒப்பீட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

வகை மாறினால் அளவுகோலும் மாறுகிறது. காந்தப் பூச்சைப் பொறுத்துக் கேசட்டுகள் வகைப்படுகின்றன: டைப் 1 (சாதாரண இரும்பு ஆக்சைடு) கேசட்டுகள் 120 மைக்ரோ விநாடி ஈக்வலைசேஷனிலும் (ட்ரெபிள் அளவைச் சீர்செய்யும் அமைப்பு), டைப் 2 (குரோம் வகை), டைப் 4 (உலோகம்) கேசட்டுகள் 70 மைக்ரோ விநாடியிலும் ஒலிக்கின்றன. டைப் 2-இல் இரைச்சல் குறைவாகக் கேட்பதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம் என்பதால், முழுப் பெருமையையும் டேப்புக்கே தந்துவிடக் கூடாது. டைப் 2 எல்லாமே குரோம் (குரோமியம் டையாக்சைடு) என்று எண்ணுவதும் பிழை. டிடிகே எஸ்ஏ போன்ற புகழ்பெற்ற கேசட்டுகளில் இருப்பது கோபால்ட் சேர்த்த இரும்பு ஆக்சைடு.

சற்றே உரக்க ஒலிப்பதைக் காது எப்போதும் நல்லது என்றே சொல்லும். டேப்புக்கு டேப் உணர்திறன் (ஒரே அளவில் பதிந்தாலும் எவ்வளவு உரக்கத் திரும்ப ஒலிக்கும் என்பது) வேறுபடுவதால், கேட்கும்போது ஒலி அளவைச் சமப்படுத்துவது கட்டாயம். உணர்திறன் வேறுபாட்டை டால்பி என்ற இரைச்சல் குறைப்பு அமைப்பு இன்னும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், அதை அணைத்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

ஒரே பெயர், ஒரே டேப் என்றும் பொருளில்லை. பல நிறுவனங்கள் பெயரை வைத்துக்கொண்டு காந்தப் பூச்சை ஆண்டுக்காண்டு மாற்றியிருக்கின்றன. உறையின் வடிவமைப்பைக் கொண்டு காலத்தைக் கணித்தாக வேண்டும். சி-60 (60 நிமிட) நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், சி-90 (90 நிமிட) நாடாவுடையது சுமார் 12. ஆதலால் ஒரே நீளமுள்ளவற்றையே ஒப்பிடுவது முறை.

கடைசியாக, கேசட்டின் உடல். நாடாவை டெக்கின் ஹெட்டோடு (ஒலியைப் பதிந்து படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டு, உலோகப் பட்டையின் மேல் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் ட்ரெபிள் அலைபாயும். பலர் அதை டேப்பின் குறை என்று பதிவுசெய்துவிடுகிறார்கள். அத்தகைய கேசட்டின் நாடாவைத் திருகாணியால் பூட்டிய நல்ல உடலுக்கு மாற்றி, இருபுறமும் ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்ட பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும்.