சமூகப் பிரச்சினைகளை இங்கிலீஷில் பேச, வெறும் சொல் பட்டியல் போதாது

சமூகப் பிரச்சினைகளைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும் என்றதும் பலரும் முதலில் செய்வது, பாவர்ட்டி, கரப்ஷன், அனெம்ப்ளாய்மென்ட் என்று 50 சொற்களை எழுதி வைத்து மனப்பாடம் செய்வது. நானும் செய்தேன். வாயைத் திறந்ததும் 'பாவர்ட்டி ஈஸ் வெரி மச்' என்று வந்தது. சொல் தெரிந்திருந்தது, எதோடு சேர்த்துச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அதனால் நோட்டில் ஒரு சொல்லை எழுதும்போதே அதோடு ஒட்டி வரும் சொற்களையும் எழுதிவிடுங்கள். வறுமையில் வாழ்வது 'லிவ் இன் பாவர்ட்டி', அதை ஒழிக்கப் பாடுபடுவது 'டாக்கிள் பாவர்ட்டி', அதிலிருந்து மீள்வது 'எஸ்கேப் பாவர்ட்டி'. விழிப்புணர்வுக்கு 'ரெய்ஸ் அவேர்னஸ்'. அப்புறம் 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம், வெறும் 'டிஸ்கஸ்' போதும். தமிழில் 'பற்றி' போட்டுப் பழகிய நமக்கு அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'டிஸ்கிரிமினேட்' என்ற சொல்லைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அவள் பாகுபாட்டுக்கு ஆளானாள் என்பதற்குப் பலரும் 'ஷி வாஸ் டிஸ்கிரிமினேட்டட்' என்று நிறுத்திவிடுகிறார்கள். 'ஷி வாஸ் டிஸ்கிரிமினேட்டட் அகென்ஸ்ட்' என்பதே சரி. கடைசியில் அந்த 'அகென்ஸ்ட்' அந்தரத்தில் தொங்குவது போலத்தான் இருக்கும், பரவாயில்லை, தொங்கட்டும்.

இதோடு குழம்புவது 'ப்ரெஜுடிஸ்'. வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் வராது என்று ஒரு மேனேஜர் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தால் அது ப்ரெஜுடிஸ், அவர்களுடைய விண்ணப்பத்தைப் பிரிக்காமலே ஓரம் தள்ளினால் அது டிஸ்கிரிமினேஷன். வயதை வைத்து நடக்கும் இதற்கு 'ஏஜிசம்' என்று பெயர், அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-ல் உருவாக்கிய சொல். ரேசிசம், செக்ஸிசம், ஏபிளிசம் (உடல், மனக் குறைபாட்டை வைத்து நடக்கும் பாகுபாடு) எல்லாம் இதே வால் கொண்டவை. அதற்காக 'இசம்' என்று முடிவதெல்லாம் பாகுபாடு என்று நினைத்துவிடாதீர்கள், டூரிசமும் அப்படித்தான் முடிகிறது.

இன்னொரு ஜோடி 'ஈக்வாலிட்டி', 'ஈக்விட்டி'. தேர்வில் எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம் என்றால் ஈக்வாலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் தாளும் கூடுதல் நேரமும் கொடுத்தால் ஈக்விட்டி.

அதிகம் தடுமாறுவது மக்கள் இடம்பெயர்வதைப் பற்றிப் பேசும்போதுதான், ஏனென்றால் இங்கே சொல் மாறினால் சட்டமே மாறும். 1951 அகதிகள் ஒப்பந்தப்படி 'ரெஃப்யூஜி' என்பவர் இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர். புகலிடம் கேட்டு, முடிவுக்காகக் காத்திருப்பவர் 'அசைலம் சீக்கர்'. எல்லை தாண்டாமல் நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவர் 'இன்டெர்னலி டிஸ்பிளேஸ்டு பர்சன்'. 'மைக்ரன்ட்' பொதுச் சொல், வேலை தேடிப் போனவரும் அதில் வருவார். 'இல்லீகல் இமிக்ரன்ட்' என்பதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013-லேயே தன் நடைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டது. செயல் சட்டவிரோதமாக இருக்கலாம், ஆள் எப்படிச் சட்டவிரோதம் ஆவார் என்பதுதான் காரணம். அதற்குப் பதில் 'அன்டாக்யுமென்டட்', அதாவது உரிய ஆவணம் இல்லாதவர், என்று பலர் சொல்கிறார்கள்.

இதே காரணத்தால்தான் தற்கொலைக்கு 'கமிட்' போடுவதும் குறைந்து வருகிறது, அது குற்றத்தோடு சேரும் வினைச்சொல். 'டை பை சூசைட்' என்று சொல்லுங்கள். 'ஹேண்டிகேப்ட்' வேண்டவே வேண்டாம். 'டிசேபிள்ட் பர்சன்', 'பர்சன் வித் எ டிசெபிலிட்டி' இரண்டுமே புழக்கத்தில் உண்டு, எதிரே இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. தினம் ஒரு இங்கிலீஷ் செய்தியை எடுத்து, முக்கியமான ஒரே ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று கோடு போடுங்கள், அப்புறம் செய்தியை மூடிவிட்டு அதே சேர்க்கையை வைத்து மூன்று வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்து கேட்டால் எங்கே 'அபவுட்' நுழைந்தது என்று உடனே மாட்டிக்கொள்ளும்.