காலடித்தடக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமி ஓர் ஆண்டில் புதுப்பித்துத் தரும் வளத்தை 2024இல் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள்ளேயே மனிதர்கள் தீர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. நிலத்தடி நீர், தாதுக்கள் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மதிஸ் வாக்கர்நேகல், வில்லியம் ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1990களில் கனடாவில் உருவாக்கிய 'சூழலியல் காலடித்தடம்' என்ற முறை அது. விளைநிலம், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடிப் பரப்பு, கட்டடம் எழும்பிய நிலம், நாம் விடும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காடு ஆகியவற்றை மட்டுமே அது கூட்டுகிறது. ஆழ்துளைக் கிணறு வற்றினாலும் அந்த எண் அசையாது.

தண்ணீருக்குத் தனியாக மறைநீர்க் கணக்கு உண்டு; ஒரு பொருளை உருவாக்கச் செலவாகும் மொத்த நீர்தான் மறைநீர். ஒரு கிலோ அரிசிக்கும் ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கும் உலகச் சராசரி தலா ஏறத்தாழ 2,500 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் அள்ளினால் 160 வாளிக்கு மேல்! பல் துலக்கும்போது குழாயை மூடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று நினைத்து, தேவையில்லாமல் துணி வாங்கிக் குவித்தால் என்ன பயன்?

அதற்காக லிட்டரை மட்டும் வைத்து எந்தப் பயிரையும் குற்றவாளியாக்கவும் கூடாது. மழையில் விளையும் நெல்லும் மோட்டார் வைத்து இறைத்து விளைவிக்கும் நெல்லும் ஒன்றல்ல. பஞ்சாபில் ஆண்டுக்கு ஊறும் நீரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உறிஞ்சுகிறார்கள். கடும் கோடையில் நாற்று நடுவதைத் தடுக்க 2009இல் அங்கே சட்டமே போட வேண்டியிருந்தது. ஆக, எந்த நீர், எந்த இடத்து நீர் என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும்.

நாட்டுச் சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது இன்னொரு தவறு. இந்தியரின் சராசரித் தடம் உலகச் சராசரியில் பாதிகூட இல்லை, உண்மைதான். ஏசி, கார், விமானப் பயணம் என்று வாழும் குடும்பத்துக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

அப்புறம், சிக்கனக் கருவி வந்தாலே செலவு குறையும் என்ற நம்பிக்கை. சொட்டுநீர்ப் பாசனம் போட்டு, மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் கரும்பு நட்டால் கிணற்றில் மட்டம் ஏறாது. இப்படிப்பட்ட கருவிக்கு மானியம் கொடுக்கும்போதே மொத்தம் எவ்வளவு இறைக்கலாம் என்ற வரம்பையும் ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். கோடையிலும் மழை முடிந்த பிறகும் கிணற்று மட்டத்தை அளந்து எழுதி வைத்தால், உண்மையில் மிச்சமானதா என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் தெரிந்துவிடும்.