குளிசை சாப்பாடில்லைத்தானே

எங்கட வீட்டுக்காரருக்குச் சீனி வருத்தம், சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசை எடுக்கிறவர். போன சிவராத்திரிக்குப் பகல் முழுக்க விரதம். ஆனால் "குளிசை சாப்பாடில்லைத்தானே" என்று அதை மட்டும் விழுங்கிவிட்டுக் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வெளிக்கிட்டார். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து ஏற்றம் ஏறுகிறோம், கடற்காற்று குளிருது, இவருக்குச் சேட்டு வேர்த்து முதுகோடு ஒட்டிப்போச்சு. கை நடுக்கம். கேட்டதுக்குச் சம்பந்தமில்லாத பதில். இரத்தச் சீனி பார்க்கிற மீற்றரில் 52.

நாங்கள் சாப்பிடாத நேரம் இரத்தத்துக்குச் சீனி கொடுக்கிறது ஈரல்தான். சுமார் 100 கிராம் சேர்த்து வைத்திருக்கும், ஒருநாள் பட்டினியில் அநேகமாக முடிந்துவிடும். இந்தக் குளிசை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இன்சுலின் கூடினால் ஈரல் இருக்கிற சீனியையும் விடாது. சாராயமும் போட்டால் இன்னும் மோசம்: ஈரல் புதிதாகச் சீனி செய்கிற வேலையே நின்றுபோகும், அடுத்தநாள்கூட இறங்கலாம்.

70க்குக் கீழே போனால் 3, 4 தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணியில் கரைத்துக் குடுங்கோ. சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனியை மெதுவாகத்தான் ஏறவிடும். 15 நிமிசத்தால் திரும்பப் பாருங்கோ, ஏறாவிட்டால் திரும்பக் குடுங்கோ. இவருக்கு இரண்டு தரம் தேவைப்பட்டது.

ஏறினதும் பலர் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவினம். அங்கேதான் பிழை. ஈரல் இன்னும் வெறும் பானைதான். நான் பாணும் வாழைப்பழமும் தீத்தினேன், விரதம் முறிந்ததென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

காலையில் 228. உடம்பு பயந்து ஹோர்மோன்களை விட்டால் சீனி இப்படி எகிறலாம், நான் குடுத்த பாணும் சேர்ந்திருக்கும். உடனே கூடுதலாக ஒரு குளிசை எடுக்கப் பார்த்தார், கையில் இருந்து பறித்தேன். கிளிக்ளசைட் உடம்பில் நிற்கும் மட்டும் சீனி திரும்ப இறங்கலாம், அதனால் அன்று முழுக்க மீற்றரும் கையுமாகத்தான் இருந்தேன்.

மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதேங்கோ, புரை ஏறும். ஒருக்களித்துக் கிடத்தி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. சீனியை ஏற்றுகிற குளுக்ககோன் ஊசியும் ஈரலில் இருப்பு இருந்தால்தான் வேலை செய்யும், பட்டினி கிடந்தவருக்கு அதை நம்பேலாது.

விரதம் பிடிக்கிறதென்றால் முன்னமே கிளினிக்கில் கேட்டுக் குளிசையை மாற்றுங்கோ. இவர் இப்ப கோயிலுக்குப் போனாலும் வேட்டி மடிப்பில் சீனிப் பொட்டலம். எறும்புதான் கரைச்சல்.